இரண்டாயிரம் குச்சிகளுக்கு நான் காவல்

மாஸ்கோவில் பிறர் வீட்டுத் தரை துடைக்கும் என் அன்பு அனாரா அக்காவுக்கு, தங்கை குல்ஸினா வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவும் பசுவும் நலம். நான் நலமில்லை, சிறைக்குப் போகப் போகிறேன்.

போன வசந்தத்தில் மலைச்சரிவிலிருந்து இறங்கிய சேறு நம் தொழுவத்தை விழுங்கியது உனக்குத் தெரியும். சரிவைப் பிடித்து நிறுத்த வெளிநாட்டார் இரண்டாயிரம் ஆப்ரிகாட் கன்றுகள் அனுப்பினார்கள். லாரி நம் பக்கம் வரவே இல்லை, கிராமத் தலைவர் தொக்தோசுனின் புது விடுதியிலேயே நின்றுவிட்டது. பாதியைத் தோட்டத்தில் நட்டார், மீதியை விற்றார். விடுதி மேட்டில் இருக்கிறது. சேறு மேலே ஏறாது. அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் நம் நாரின் ஆற்றின் கரையிலுள்ள பாப்ளர் மரக் கிளைகளை வெட்டிச் சரிவெங்கும் குத்தச் சொன்னார். "ஏப்ரல்ல இலை ஏது? எல்லாம் ஒரே குச்சிதான்!" என்னைக் காவலாளியாக்கி, இரண்டாயிரம் கன்றுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். "எட்டாவதோட நின்ன பொண்ணு, வாயும் திறக்காது. இதைவிட நல்ல காவல் எங்க கிடைக்கும்?"

அதிகாரி ஒரு குச்சியைத் தொட்டார், கையோடு வந்துவிட்டது. "ஏம்மா, வேர் எங்க?" நான் என் பூட்ஸைப் பார்த்தேன். தலைவர் முந்திக்கொண்டு, "நம்ம மண்ணு குளிருங்க, வேர் மெதுவாத்தான் வரும். வாங்க, ஆட்டுத்தலை ஆறுது!" என்றார். விருந்தாளிக்கு வைத்த ஆட்டுத்தலையை ஆறவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் அதிகாரி போகும்போது, "ஜூன்ல வந்து இலையை எண்ணுவேன்" என்றாரே! "நீ ஏண்டி கையெழுத்துப் போட்ட?" என்கிறாள் அம்மா. "பேனாவை நீட்டினாரு, வேணாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." பயத்தில் தினமும் குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். "விளக்குமாத்துக்கும் கொஞ்சம் ஊத்துடி, துளிர்க்கும்!" என்று ஊரே சிரிக்கிறது. பெருமழை வந்தால் இந்த முறை சேறு வீட்டுக்குள்ளேயே வரும். எங்களை மாஸ்கோவுக்கு அழைத்துக்கொள், அக்கா. பசுவுக்கும் இடம் பார்.

உன் கைவெடிப்பு சீக்கிரம் ஆற வேண்டிக்கொள்ளும்,
குல்ஸினா

பின்குறிப்பு: கடிதம் கொண்டுபோகும் பஸ்காரர் மூன்று வாரமாக வரவில்லை. அதற்குள் குச்சிகள் துளிர்த்துவிட்டன! பாப்ளர்க் கிளை ஈர மண்ணில் வேர்விடும் என்பதைப் பயத்தில் நான் மறந்தேன், பேராசையில் தலைவர் மறந்தார். இன்று காலை லாரியோடும் ஆட்களோடும் வந்தார். "அட, நல்லா வந்திருக்கே! விடுதி வாசல்ல வரிசையா வைக்கலாம், பிடுங்குங்கடா. சரிவுக்கு வேற குச்சி குத்திக்கலாம்." நான் வாயைத் திறந்தேன். "காவல்னு கையெழுத்துப் போட்டது நான், தலைவரே. ஒரு குச்சியும் நகராது." கையில் விளக்குமாறும் இருந்தது. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

பசுவுக்கு இடம் பார்க்க வேண்டாம்.