கம்பத்தடியில் உன் அப்பா

அன்பு மகன் கோல்மனுக்கு லீட்ரிமிலிருந்து அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நாங்களும் மாடுகளும் சுகம். உன் சுகத்துக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்ல சேதி. உன் அக்கா நூலாவின் மூத்தவள் நர்ஸ் படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவது. முதலாவது வந்தவளின் அத்தை அங்கே டீச்சராம், நான் ஒன்றும் சொல்லவில்லை. நடுவுள்ளவன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். கடைக்குட்டி நடனத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கி, அதை விழுங்கப் பார்த்தாள்.

நீ நம் ஐரிஷ் கால்பந்தை நிறுத்திவிட்டாய் என்று நூலாதான் சொன்னாள். முப்பத்தெட்டு வயதில் முழங்கால் இரண்டும் போய்விட்டதாமே. பதினேழில் நம் மாவட்ட இளையோர் அணியில் பதினோராம் எண் சட்டை, இருபதில் நம் ஊர் அணித் தலைவன், அப்புறம் பாஸ்டனில் பதினெட்டு வருஷம், மூன்று கோப்பை. எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பாவிடம் சொன்னேன். கொட்டகைக்குப் போனவர், கறந்த மாட்டையே மறுபடி கறந்துகொண்டிருந்தார்.

பழசைக் கிளறக் கூடாதுதான். ஆனால் நீ ஊரில் ஆடிய அந்தக் கடைசி இறுதி ஆட்டத்தில் அப்பா தானாகப் போய்க் கோல் கம்பத்தடியில் அம்பயராக நிற்கவில்லை, வரவேண்டிய அம்பயரின் கார் பள்ளத்தில் இறங்கி, நேர்மையான மனுஷன் என்று இரண்டு ஊரும் சேர்ந்து இவரைத் தள்ளிவிட்டு, வெள்ளைக் கோட்டு இல்லாமல் கசாப்புக் கடைக் கோட்டை மாட்டி, அந்த வாடைக்கு ஒரு நாய் வந்து கடைசிவரை காலடியிலேயே உட்கார்ந்து, வருஷமெல்லாம் பெய்த மழை அன்றைக்கென்று நின்று வெயில் அடித்து, கடைசி நிமிஷத்தில் நீ உதைத்த பந்து கம்பத்து உயரத்துக்கும் மேலே போனால் மனுஷன் என்னதான் செய்வார்? இரண்டு கம்பத்துக்கும் நடுவே போயிருந்தால் பாயிண்ட் என்று வெள்ளைக் கொடியைத் தூக்கியிருப்பார். வெளியே போனது, கையைக் குறுக்கே காட்டினார். ஒரு பாயிண்டில் தோற்றோம். அதற்காக, "இனிமே நீங்க எனக்கு அப்பா இல்ல, வெறும் அம்பயர்தான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவதா? எதிர்மலையில் மேயும் மந்தையில் நம் ஆடு எது என்று சொல்கிற கண் அது. வெளியேதான் போனது என்று ஒரு வரி எழுதினால் உன் முழங்கால் மேலும் தேயாது. அவருக்கு எழுபத்தாறு நடக்கிறது.

வீட்டில் உன் படமென்று இருப்பது அன்று பத்திரிகைக்காரர் எடுத்தது ஒன்றுதான். ஒரு பக்கம் நீ மண்டியிட்டு, மறுபக்கம் அப்பா கையைக் குறுக்கே தூக்கி, நடுவில் நாய். நாய் மட்டும்தான் கேமராவைப் பார்க்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கிற படம் வேறு இல்லாததால் அதையே சட்டம் போட்டு மாட்டினேன்.

இத்துடன் புனித நீர் வைத்திருக்கிறேன். முழங்காலில் தடவு, குடித்துவிடாதே. தேவதாய் உன்னைக் கைப்பிடித்து நடத்துவாள்.

உன் அம்மா,
டீலியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டு மந்தை வந்ததும் போதும் என்றார். "வெயில் கண்ணுல அடிச்சுது டீலியா. பந்து எங்க போச்சுன்னு நான் பாக்கவே இல்ல. கொடியத் தூக்கினா பெத்த பாசம்னு ஊரு சொல்லுமேன்னு கையக் காட்டிட்டேன்" என்றார். எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினார். நான் மேலே எழுதியதை அடிக்க மனமில்லை, நீயே அடித்துக்கொள். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. புதுப்படம் ஒன்று தபாலில் அனுப்பு. அதில் நீ நின்றுகொண்டிரு.