ஓலை தேடும் பெட்டி

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன், மலையில் தவமிருந்த ஒரு சித்தர், இனிப் பிறக்கப்போகும் அத்தனை பேரின் பெயரையும் ஓலையில் எழுதி வைத்துவிட்டுப் போனார். எழுதியது இங்கிலீஷில். இந்த இரண்டாவது செய்தியை மட்டும் நோட்டீஸில் போடவில்லை.

அந்த ஓலைகள் இப்போது, 1987-இல், அவனியாபுரத்தில் ஒரு டேப் கேசட்டுக்குள் இருந்தன. கேசட் கம்ப்யூட்டர் சுவாமிகளிடம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த, அந்தக் கேசட்டைப் படிக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதோடு ஒயரில் பிணைத்த டிவி, டிவியின் நெற்றியில் குங்குமம். பெயரைத் தட்டினால் பெட்டி ஓலைகளைப் புரட்டும். மூன்று நிமிடம் ஆகும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு சுவாமிகள் திரையைப் பார்த்துத் தகப்பன் பெயர், வீட்டு இலக்கம், வயது என்று வரிசையாகச் சொல்வார். தன் வீட்டு இலக்கத்தைத் தெரிந்துகொள்ள ஒருவன் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்பானா? நின்றார்கள். சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பெயர் கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆயுசு கம்மி. பரிகாரம் தனி.

தனக்கு ஆயுசு கம்மி என்பது செல்லக்கிளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை தெரியவந்தது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த பெண். கப்பலூரில் லேத் ஓட்டும் சோணைக்கு அவளைப் பேசி, ஆவணியில் முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. சோணையின் அப்பா விருமாண்டி ஒரு திருப்திக்காகப் பெட்டியிடம் கேட்கப் போனார். விருமாண்டி கிடைத்தார். சோணை கிடைத்தான். செல்லக்கிளியைப் பெட்டி இரண்டு தடவை தேடிவிட்டு, இல்லை என்றது.

“ஓலையில இல்லாத பிள்ளைய எப்படி வீட்டுக்குக் கூட்டியாறது?” என்று பெண் வீட்டிலேயே வந்து கேட்டார் விருமாண்டி.

“மாமா, நான் இங்கனதான நிக்கிறேன்” என்றாள் செல்லக்கிளி.

“நீ நிக்கிற தாயி. ஓலையில நிக்கலையே.”

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித்தான் நிற்பது?

அப்பாவோடு வந்திருந்த சோணை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, செல்லக்கிளி டைப்ரைட்டிங் வகுப்பில் விசாரித்தாள். பாண்டியம்மாளும் ஓலையில் இல்லை, வயது பத்தொன்பது. பாண்டியம்மாளின் தம்பியும் இல்லை, பதினேழு. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். சித்தருக்குச் சின்னஞ்சிறுசுகள் என்றால் ஆகாதோ? யோசித்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் அத்தை ஒச்சாயியையும் கூட்டிக்கொண்டு சுவாமிகள் முன் போய் நின்றாள்.

“சாமி, டீக்கடை மொக்கையனுக்கு ஆயுசு எப்படின்னு பாக்கணும்.”

சுவாமிகள் தட்டினார். பெட்டி புரட்டியது.

“மொக்கையன். தகப்பன் கருப்பு. வீட்டு இலக்கம் ஐம்பத்தாறு. வயது அறுபத்திரண்டு. தீர்க்காயுசு. கண்டம் ஏதும் இல்லை. வடக்கேயிருந்து நல்ல செய்தி வரும்.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

“போன தையில அவரு பாடையத் தூக்குனதுல நானும் ஒரு ஆளு” என்றார் விருமாண்டி மெதுவாக.

“எறக்கி வச்சீகளாண்ணே, இன்னும் தோள்லயே இருக்கா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“இவன் வேறு மொக்கையன்” என்றார் சுவாமிகள்.

“அம்பத்தாறாம் நம்பரு வீட்டுல எம்புட்டு மொக்கையன் சாமி இருக்காக?” என்று கேட்டாள் ஒச்சாயி.

சுவாமிகள் பதில் தேடுவதற்குள் செல்லக்கிளி டிவியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். விசை ஒன்றை அழுத்தியபடியே இருந்தாள். வரிகள் மேலேறி, ஓலையின் முதல் வரி வந்து நின்றது. அதைத் தமிழில் உரக்கச் சொன்னாள்.

“வாக்காளர் பட்டியல், வார்டு நாலு.”

பிறகு மாமாவிடம் திரும்பினாள். “எனக்கு இருவது வயசு மாமா. இருவத்தொண்ணு ஆனாத்தான ஓட்டு? அதான் ஓலையில நான் இல்ல.”

விஷயம் இவ்வளவுதான். சுவாமிகள் வெறும் பேயாண்டியாக இருந்த காலத்தில் திருநகரில் டைப் அடிக்கும் கடை வைத்திருந்தார். அவனியாபுரத்தில் தேர்தலில் நின்ற ஒருவர் இந்த நாலாம் வார்டுப் பட்டியலைக் கொடுத்துப் பெட்டியில் ஏற்றச் சொன்னார். அவர் தோற்றார், கடைப் பக்கம் வரவேயில்லை. பட்டியல் மிஞ்சியது. பேயாண்டிக்குத் தாடி வளர்ந்தது.

ஓட்டுப் போட இருபத்தொரு வயது வேண்டும் என்று அன்றைக்குச் சட்டம் இருந்தது. யோசிப்பதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் அங்கே நின்ற முந்நூறு பேரும் அதற்கும் ஏதோ ஒரு பட்டியலில் தங்கள் பெயர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் போலத்தான் நின்றார்கள்.

“ஆவணியிலயே வச்சுக்கிருவோம் தாயி” என்றார் விருமாண்டி.

“மொதல்ல ஒங்க மகன நிமிந்து பாக்கச் சொல்லுங்க மாமா. பெறகு முகூர்த்தத்தப் பேசுவோம்.”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்தச் சாமி பேரு இருக்கான்னு ஒரு தட்டு தட்டிப் பாரு.”

செல்லக்கிளி தட்டினாள். மூன்று நிமிடம் ஆனது. பேயாண்டி கிடைத்தார். தகப்பன் பெயர் சரி. வீட்டு இலக்கம் சரி. அந்தப் பட்டியலை வரி வரியாகத் தட்டி ஏற்றியவர் அவரேதான்.

பால் என்ற இடத்தில் பெண் என்று இருந்தது.