வரிசை நிற்கும் இடமே எல்லை

நகரமைப்பு வரைபடத்தில் வீட்டுப் பகுதிக்கு மஞ்சள், கடைப் பகுதிக்கு நீலம், நடுவில் எல்லைக்கோடு. இதில் யாருக்கும் சந்தேகம் வரக் காரணமே இல்லை. ஆனால் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே மடித்து மடித்து வைத்ததில், கோடு இருந்த இடம் கிழிந்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டைக்குள் போனது கத்திரி அக்காவின் முடிவெட்டும் கடை.

கடை மஞ்சளில் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை சீல் வைப்பார்கள். அக்காவுக்கு வேறு தொழில் தெரியாது. மனு எழுதி வைத்திருந்தாள். கொடுக்கத்தான் எதிரே நகரமைப்பு அலுவலகக் கவுண்டரில் வரிசை நகரவில்லை.

வியாழக்கிழமை காலை வரைபட அதிகாரியே நேரில் ஆய்வுக்கு வந்தார். வந்த கையோடு முடிவெட்ட உட்கார்ந்தார்.

“சார், என் கடை எந்தப் பக்கம்?”

“விதி பதினேழும்மா. எல்லை தெளிவா இல்லன்னா, தரையில ரொம்ப நாளா அசையாம எது இருக்கோ அதுதான் எல்லை.”

ஜன்னல் வழியே தேடினார். மதில் விழுந்து கிடந்தது. மரத்தைச் சாலைக்காக வெட்டியாயிற்று. சாலையைக் குழாய்க்காகத் தோண்டியாயிற்று. ஒன்பது வருஷமாக அசையாதது ஒன்றே ஒன்று: எதிரே அவருடைய கவுண்டர் முன்னால் நின்ற வரிசை.

“அதுதான் எல்லை,” என்று கூச்சமே இல்லாமல் குறித்துக்கொண்டார்.

கவுண்டரில் தொடங்கிய வரிசை கடைக்கு இடப்பக்கச் சந்து வழியாக நீண்டு நின்றது. வரைபடத்தில் எல்லைக்கு இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் நீலம். அப்படியென்றால் கடை நீலம். அக்காவுக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறியதும் வரிசை மொத்தமும் நிழலுக்காக வலப்பக்கச் சந்துக்கு ஒதுங்கியது.

“நிறுத்தும்மா. இப்ப இது வீடு. வீட்டுல தொழில் நடத்தக்கூடாது.”

“அசையாதுன்னீங்களே சார்?”

“முன்னால போனாத்தான் அசைவு. பக்கவாட்டுல போறது கணக்குல வராது.”

“அரைத் தலைதான் சார் வெட்டியிருக்கு.”

கண்ணாடியில் ஒரு பக்கம் வழவழவென்றிருந்தது, மறுபக்கம் புதர். “சட்டம் சட்டம்தான்,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அப்போ அந்த வரிசைக்குள்ளயே வெட்டினா?”

புத்தகத்தைப் புரட்டினார். “எல்லை மேல எந்த விதியும் இல்ல.”

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசைக்குள் போட்டாள். “அப்போ சரி. கடைசியில போய் நில்லுங்க சார். உங்களுக்கு மட்டும் தனி வழியா?”

வரிசை அசையக்கூடாது என்பதால் அவளே நாற்காலியோடு ஆள் ஆளாக நகர்ந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அதிகாரிக்கு முன்னாலேயே நுழைந்ததில், ஒரே வாரத்தில் வரிசை மூன்று தெரு நீண்டது. பாதிப் பேரிடம் மனுவே இல்லை, முடிதான் இருந்தது.

காலியான கவுண்டருக்குப் புது அதிகாரி வந்தார். ஜன்னலைத் திறந்து, “அடுத்து யாரு?” என்றார்.

ஒன்பது வருஷமாக அந்த வார்த்தைக்காகவே நின்ற முதல் ஆள் ஒரு காலைத் தூக்கினான்.

“அண்ணே, காலைக் கீழ வைங்க,” என்றாள் அக்கா. “நீங்க போனா எல்லை நகர்ந்துடும். என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்க.” கத்தியைத் துடைக்கத் துணி கிடைக்கவில்லை, தன் மனுவில் துடைத்தாள்.

அவன் காலைக் கீழே வைத்தான்.

புது அதிகாரி ‘மனுக்கள்: இல்லை. குறைகள்: இல்லை’ என்று பதிவேட்டில் எழுதி ஜன்னலைச் சாத்தினார். பிறகு பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்து, அரைத் தலையோடு நின்றவருக்குப் பின்னால் நின்றார்.

“சார், இது எதுக்கு நிக்கிற வரிசை?”

“வரிசை இல்லப்பா, எல்லை. அசையாம நில்லு.”