மூன்றாம் வலைக் காவல்

என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதை வாய்விட்டு ஒத்துக்கொள்வதற்குக் கல்யாணமாகி இரண்டு வருடங்களும், வலது கையில் நான்கு துளைகளும் தேவைப்பட்டன.

நான் லண்டன் டூட்டிங்கில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அடுத்தவரின் பார்வையைத் திருத்துவது என் தொழில். என்னை நானே பார்க்கும்போது மட்டும் அந்த நாட்களில் எல்லாம் ஒன்றரை மடங்கு பெருத்துத் தெரியும். (இப்போது ஒன்றேகால் மடங்குதான். முன்னேற்றம்.)

என் மனைவி தாரிணி ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை நிறுத்து அனுப்பும் கவுன்டரில் வேலை செய்கிறாள். ஒருநாள் இடைவேளையில் ஊழியர்களின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு வல்லூறு புறாவொன்றை அடித்து, மதிலில் வைத்துப் பிய்த்துக்கொண்டிருந்ததாம். கூட வேலை செய்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக, இவள் மழையில் இருபது நிமிடம் நின்று பார்த்தாள். கவுன்டருக்குப் பிந்திப் போனதற்குத் திட்டும் வாங்கினாள். அந்த வாரமே பறவைகளுக்கு வளையம் போடுகிறவர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டாள். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வளையம் போடுவதென்றால் இதுதான்: கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலையை இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டுவார்கள். பறந்து வரும் பறவை அதன் மடிப்புக்குள் விழும். அதை நோகாமல் எடுத்து, இறக்கையை அளந்து, நிறை பார்த்து, காலில் நம்பர் பொறித்த சின்ன வளையத்தைப் போட்டுப் பறக்க விடுவார்கள். பிறகு அது எந்த நாட்டில் யாருடைய கையில் சிக்கினாலும், எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். நினைத்தவுடன் எவரும் செய்ய முடியாது. வருடக்கணக்காகப் பழகவேண்டும். கடைசியில் வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்று சொன்னால்தான் தனியாகச் செய்ய அனுமதி கிடைக்கும்.

தாரிணி நாலரை வருடம் பழகினாள். விடிய ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வலை கட்டப் போன நாட்கள் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் என் பங்களிப்பு, கம்பு தூக்குவதும் தேத்தண்ணி ஊற்றுவதும். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொன்னது வேறு. "வார இறுதியில நாங்கள் பறவை ஆராய்ச்சியில இருக்கிறம், பருந்தெல்லாம் பிடிக்கிறம்" என்பேன். வருகிறவர்கள் 'நாங்கள்' என்பதை 'நான்' என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் திருத்தப் போவதில்லை.

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் சிவா அண்ணை. மினிகாப் டாக்ஸி ஓட்டுகிறவர், என் நண்பர். கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"டேய், நீ உண்மையிலேயே பருந்து பிடிக்கிறியோ? இல்லை சும்மா அடிச்சு விடுறியோ?"

"வாற ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோ அண்ணை."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தாரிணிக்குப் பரிசோதனை. (வேறு நாளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அதை என் மாமியார் ஏற்கனவே பல தடவை கேட்டுவிட்டார்.)

ஒக்டோபர் மாதம். வடக்கே குளிர் தொடங்கியதும் பறவைகள் கடல் தாண்டி இங்கே வருகிற காலம். அவற்றின் பின்னால் அவற்றைத் தின்னும் வல்லூறுகளும் வரும். ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் ஒரு நீர்த்தேக்கத்தின் பின்பக்கம், முட்செடிப் பற்றைகளுக்கு நடுவில் எங்கள் இடம். விமானங்கள் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். நாங்கள் ஐந்து பேர்: தாரிணி, நான், கமராவுக்குப் போஸ் கொடுக்க வந்தவர் போல வாசனை பூசி வந்த சிவா அண்ணை, தாரிணியின் அம்மாவான என் மாமி, பரிசோதகர் ஜூடித்.

ஜூடித் உயரமான, நரைத்த பெண்மணி. குறிப்பேட்டைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருப்பதே ஒரு கேள்வி போல இருக்கும். மாமி அவரைக் கண்டதும் ஒரு பேணியை நீட்டினார். உருளைக்கிழங்குச் சிப்ஸ் வருகிற நீளமான உருண்டைப் பேணி. சிப்ஸ் முடிந்த பிறகு எங்கள் வீடுகளில் அதற்குள் முறுக்குத்தான் இருக்கும். ஜூடித் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்று எடுத்தார்.

தாரிணி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நீங்கள் மூண்டாவது வலையில நில்லுங்கோ. ஏதும் விழுந்தா வோக்கிடோக்கியில சொல்லுங்கோ. நான் வாறன். நீங்கள் தொடக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது."

"திருப்பிச் சொல்லுங்கோ."

"தொடக்கூடாது."

"இண்டைக்கு உங்களை நம்பித்தான் நிக்கிறன், என்ன?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்குச் சொல்ல முடியாது.

இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சின்னச் சின்னக் குருவிகள் விழுந்தன. தாரிணி ஒவ்வொன்றையும் வலையிலிருந்து எடுக்கும்போது நானும் எட்டிப் பார்த்தேன். நூல் நகத்தில், இறக்கையில், கழுத்தில் என்று பின்னிக் கிடக்கும். அவள் விரல்கள் அவசரப்படாமல், எந்தப் பக்கத்தால் நுழைந்ததோ அந்தப் பக்கத்தாலேயே அதை விடுவிக்கும். கையில் எடுத்ததும் குருவி அடங்கிவிடும். ஜூடித் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமைதான். ஆனால் சிவா அண்ணைக்குச் சலித்துவிட்டது.

"இதெல்லாம் சிட்டுக்குருவி. பருந்து எங்கயடா?"

"வரும் அண்ணை."

"நீ ஒண்டும் பிடிக்கேல்லையே. தங்கச்சிதான் பிடிக்கிறாள்."

அந்த நேரத்தில்தான் வந்தது. பற்றையோரமாக ஒரு சின்னக் குருவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்து வந்து, வலைக்குக் கீழால் நழுவித் தப்பியது. பின்னால் துரத்தி வந்த மண்ணிறப் பறவை வலையின் நடுவில் மோதியது. கம்புகள் இரண்டும் குலுங்கின. பெண் வல்லூறு. (மாமிக்கு வளைந்த சொண்டுள்ள எதுவும் பருந்துதான். அதனால் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் இன்றுவரை பருந்து.)

செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: பொத்தானை அழுத்தி "மூன்றாவது வலை" என்று சொல்வது. வோக்கிடோக்கி என் இடது கையில் இருந்தது. பொத்தானையும் அழுத்திவிட்டேன். அப்போது பார்த்து அது துள்ளி மடிப்பின் விளிம்புக்கு வந்தது. இன்னும் ஒரு துள்ளு, போய்விடும். சிவா அண்ணை போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தார்.

"பிடியடா! பிடியடா!"

நான் பிடித்தேன். பிடித்தேன் என்றா சொன்னேன்? வலது கையை நீட்டினேன். மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது.

ஒரு கால் என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதையைக் கவ்வியது. தையல் ஊசிகள் நான்கு ஒரேயடியாக இறங்கியது போல. நான் கையை இழுத்தேன். அது இறுக்கியது. நான் இன்னும் இழுத்தேன். அது இன்னும் இறுக்கியது. இரையின் துடிப்பு அடங்குமட்டும் இறுக்குவதுதான் அதன் வேலை என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். துடித்துக்கொண்டிருந்தவன் நான். இதற்கிடையில் குனிந்ததில் என் மூக்குக்கண்ணாடியும் வலையில் மாட்டிக்கொண்டது. இடது கை பொத்தானை விடவே இல்லை. ஆகையால் "ஐயோ அம்மா" என்று நான் அலறியது அந்த இடம் முழுக்க ஒலிபரப்பானது.

முதலில் வந்து சேர்ந்தவர் மாமி. "என்ன தம்பி, என்னைக் கூப்பிட்டியளோ?"

அடுத்து தாரிணி ஓடி வந்தாள். பின்னால் ஜூடித், நீளக் கால்களால் அளந்து அளந்து. தாரிணி என் முகத்தைப் பார்க்கவில்லை. பறவையைப் பார்த்தாள். அதன் இறக்கைகளைப் பார்த்தாள். நூல் எங்கே போகிறது என்று பார்த்தாள். அப்புறம் என் கையை.

"அசையாதேங்கோ."

"தாரிணி, எடும். கெதியா எடும்!"

"நீங்கள் இழுக்க இழுக்க அது விடாது. கையைச் செத்த கை மாதிரி வைச்சிருங்கோ."

என் கைக்கு அது சிரமமான வேலையாக இருக்கவில்லை. அவள் இடது கையால் பறவையின் முதுகோடு இறக்கைகளை அணைத்துப் பிடித்தாள். அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. வெளிறிய மஞ்சள் கண். அவ்வளவு வலியிலும் சொல்கிறேன், அதைப் போல ஒரு பார்வையை என் கடையில் கண் பரிசோதனைக் கதிரையில் உட்கார்ந்த எவரிடமும் நான் கண்டதே இல்லை. அதில் பயம் இல்லை. நாங்கள் எல்லோரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

திடீரென்று தாரிணி குனிந்து அதன் காலைப் பார்த்தாள்.

"ஜூடித், காலில் வளையம் இருக்கிறது. நம்முடையது இல்லை."

"வாசி" என்றார் ஜூடித், பேனாவை எடுத்து.

அந்த வளையம் எந்தக் காலில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? என்னைக் கவ்விக்கொண்டிருந்த காலில்.

"இஞ்சருங்கோ, ஒரு நிமிசம் பொறுங்கோ. இது பறந்திட்டா நம்பர் போயிடும்" என்றாள் என் மனைவி. ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். ஜூடித் எழுதினார். பிறகு சரிபார்ப்பதற்காக ஜூடித் திருப்பி வாசித்தார். அதில் ஒரு இலக்கம் மூன்றா எட்டா என்று சந்தேகம். மறுபடி வாசித்தாள். நான் மூன்று என்றும் சொல்லத் தயார், எட்டு என்றும் சொல்லத் தயார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு அவள் அதன் காலை மெதுவாகப் பின்னால் நீட்டினாள். கால் நீண்டதும் விரல்கள் தாமாகவே விரிந்தன, பூட்டுத் திறந்த மாதிரி. என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அடுத்தது நிறை பார்க்கவேண்டும். பெரிய பறவையைத் தலைகீழாக உருண்டைக் குழாய் ஒன்றுக்குள் விட்டால் இருட்டில் அமைதியாக இருக்கும். அந்தக் குழாயைப் பெட்டியில் வைக்கவேண்டியது என் பொறுப்பு. நான் வைக்கவில்லை. அந்த இடத்தில் வீடியோ எடுப்பதற்கான முக்காலியை வைத்திருந்தேன். இதை நான் சொல்லி முடிக்க முதலே மாமி பேணியிலிருந்த முறுக்கு முழுவதையும் தன் சால்வையில் கொட்டிவிட்டார். துடைத்து நீட்டினார்.

"இந்தா பிள்ளை. இது அளவு காணுமோ?"

அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. பேணியிலிருந்து வாலும் இரண்டு கால்களும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, அந்த மகாராணி ஆடாமல் அசையாமல் இருந்தது. இறக்கையை அளந்தார்கள். ஏற்கனவே வளையம் இருந்ததால் நாங்கள் போட ஒன்றும் இல்லை. தாரிணி கையை உயர்த்தி விட்டாள். அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் பற்றைக்கு மேலால் போய் மறைந்தது.

அதன் பிறகுதான் ஜூடித் என் பக்கம் திரும்பினார். "பறவையைத் தொட இவருக்கு யார் அனுமதி கொடுத்தது?"

தாரிணி பழகியது நாலரை வருடம்.

"யாரும் கொடுக்கவில்லை" என்றாள் தாரிணி. "இவர் என் கணவர். இங்கே நிறுத்தினது நான். பிழை என்னுடையது."

நான் முன்னால் வந்து, என் ஆங்கிலத்தின் மிக மரியாதையான பகுதியைப் பயன்படுத்தி, பிழை முழுக்க என்னுடையது, தொடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லப்பட்டது, நண்பருக்குக் காட்டுவதற்காகத் தொட்டேன் என்று சொன்னேன். வீடியோவும் இருக்கிறது என்றார் சிவா அண்ணை, உதவி செய்வதாக நினைத்து. ஜூடித் குறிப்பேட்டில் நீளமாக எழுதினார். போகும்போது மாமியிடம் சால்வையிலிருந்து இன்னொரு முறுக்குக் கேட்டு வாங்கினார். அது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா என்று நாங்கள் மூன்று வாரம் விவாதித்தோம்.

காரில் தாரிணி என் கையில் மருந்து போட்டுக் கட்டினாள். கடைசியில், "நோகுதோ?" என்றாள்.

"ஓம்."

"எனக்கும்தான்" என்றாள்.

அவள் என்னை ஓங்கி அறைந்திருந்தால்கூட அவ்வளவு பட்டிருக்காது. மறுநாளிலிருந்து கடையில் 'நாங்கள்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். "என்ர மனுசிதான் செய்யிறவ. நான் கம்பு தூக்கிறன்" என்று சொல்லப் பழகினேன்.

முதலில் வந்தது வளையத்தைப் பற்றிய மின்னஞ்சல். அந்த வல்லூறு அதே வருடம் ஜூன் மாதம் நோர்வேயில், பைன் மரக் கூடொன்றில் குஞ்சாக இருந்தபோது வளையம் போடப்பட்டதாம். பிறந்து நாலே மாதம். வழிகாட்ட எவருமில்லாமல் கடலைத் தாண்டி வந்து என் கையைக் கவ்வியிருக்கிறது. தாரிணி இரண்டு முறை வாசித்தாள். கண் கலங்கிவிட்டது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு வருடக்கணக்காக அலைந்த மாமி மட்டும் பெருமூச்சு விட்டார்.

"கொடுத்து வைச்ச சீவன். கடல் கடந்து வந்திருக்கு. நம்பரை மட்டும் பாத்திட்டுப் போ எண்டு விட்டிட்டம்."

அதற்கடுத்த வாரம் ஜூடித்தின் கடிதம். தாரிணிக்கு அனுமதி கிடைத்திருந்தது. நெருக்கடியான நேரத்திலும் பறவையின் நலனையே முதலில் பார்த்தார் என்று பாராட்டு. கடைசியில் ஒரு வரி: உதவியாளர்களைத் தெரிவு செய்வதில் மேலதிகக் கவனம் விரும்பத்தக்கது. தாரிணி அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். கடைசி வரி தெரியும்படியாக.

வீடியோ இன்றைக்கும் சுற்றுகிறது. கனடாவில் இருக்கிற என் பெரியம்மாவின் மகன்கூடப் பார்த்துவிட்டு, "உந்த அலறல் உன்ர குரலோ, பருந்தின்ர குரலோ?" என்று கேட்டான். ஆனால் அதைவிட நீண்ட ஆயுள் மாமியின் அறிமுகத்துக்குத்தான். கல்யாண வீடோ, பிறந்தநாளோ, புதிதாக யாரையாவது கண்டால் மாமி எங்கள் இருவரையும் பக்கத்தில் இழுத்து நிறுத்துவார்.

"இவ என்ர மகள், பருந்து பிடிக்கிறவ" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, பேய் பிடித்தவனைக் காட்டுவது போல என்னைக் காட்டுவார்.

"இவர் மருமகன். பருந்து பிடிச்சவர்."