அக்காவுக்கு நானே செய்த அட்டை

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரையாவது நீங்கள் சந்தித்தால் ஐந்து நிமிடத்தில் அவர்களே சொல்லிவிடுவார்கள், அதற்கு இது மேல். கூடப் பிறந்த ஒரே அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, யாரோ எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாழ்த்துப் படத்தை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டவன் நான். ஒரு பூங்கொத்து, இரண்டு புறா, தங்க எழுத்தில் 'பல்லாண்டு வாழ்க'. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். நாசரேத் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண் அது.

'எங்களிடம் சகலவிதமான கழிப்பறைச் சாமான்களும் மலிவு விலையில் கிடைக்கும்.'

அன்றிலிருந்து அக்கா என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் மனைவி மெர்சிக்குப் போன் பண்ணுவாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். "ஏளா, ஒன் கடைக்காரன் சாப்பிட்டானா?" என்று கேட்பாள். (கடைக்காரன் நான்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குப் படிவம் நிரப்பும் குமாஸ்தாவை ஒரே வரியில் கழிப்பறைச் சாமான் வியாபாரியாக்கிவிட்டாள்.) நான் போனை வாங்கி "அக்கா" என்றால் லைன் கட்டாகிவிடும். ஒரு மாதம் சிரித்தேன். மூன்றாவது மாதம் சிரிப்பு வரவில்லை. ஏழாவது மாதம், அக்கா அத்தான் கல்யாண நாளுக்கு வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் என்று மெர்சிக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. "கடைக்காரனையும் கூட்டிட்டு வா" என்றாளாம். அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நாளுக்குள் அக்காவைப் பேசவைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். வழியும் தெளிவாகத் தெரிந்தது. விரல் நுனியால் செய்த பாவத்தைப் பத்து விரலாலும் தீர்க்க வேண்டும். என் கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்யப்போகிறேன்.

"கடையில ஒண்ணு வாங்கிட்டுப் போனா என்ன?" என்றாள் மெர்சி.

"அதுலயும் கீழ கம்பெனிப் பேரு இருக்கும்."

அவள் என் கையைப் பார்த்தாள். இந்தக் கையால் நான் இதுவரை ஒரு பரோட்டாவைக்கூட நேராகப் பிய்த்தது கிடையாது.

யூடியூபில் ஒரு அம்மாள் பத்து நிமிடத்தில் ரோஜாத் தோட்டமே செய்தார். எனக்குப் பத்து நாள் ஆனது. முதல் அட்டையில் வெட்டிய இதயம் கிளிமூக்கு மாங்காய் மாதிரி இருந்தது. இரண்டாவதைச் சாப்பாட்டு மேசையோடு ஒட்டிவிட்டேன். (இன்றும் அந்த இடத்தில் தட்டு வைத்தால் ஆடும்.) ஐந்தாவது நன்றாக வந்தது, திறக்கத்தான் முடியவில்லை. பதினோராவது அட்டைக்கு வந்தபோது மெர்சி கத்தரிக்கோலை ஒளித்து வைத்தாள். நகவெட்டியால் வெட்டினேன். விடுகிற ஆள் இல்லை நான்.

பன்னிரண்டாவது அட்டையில்தான் எனக்குக் கலை பிறந்தது. நீலக் காகிதத்தில் கடல், வெள்ளைக் காகிதத்தில் பாய்மரம், கீழே மணலில் அசல் சங்குகள். நம் ஊர்க் கடல், நம் ஊர்ச் சங்கு. சனிக்கிழமை காலை தருவைகுளம் கரைக்கே போய்விட்டேன். என்னோடு வேலை பார்க்கும் மிக்கேலின் ஊர் அது. அவன்தான் கூட வந்தான். நனைந்த மணலில் நான் பொறுக்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, இத வேகவச்சிட்டு ஒட்டுங்க."

"கலர் மங்கிரும்ல மிக்கேல்."

"கலரு கெடக்கட்டும். உள்ள வந்து..."

"ஏலே, இது கலை. ஒனக்குச் சொன்னா புரியாது" என்றேன். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவனிடம், யூடியூபில் கடல் பார்த்தவன் சொன்னது. மிக்கேல் நல்லவன். "சரி அண்ணாச்சி" என்று வாயை மூடிக்கொண்டான். அந்தச் 'சரி'யில் இருந்த சந்தோஷம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

நிறம் மங்காமல் இருக்க, கடல் தண்ணீரில் நனைத்த துணியில் சங்குகளைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலையில் ஈரம் காயாமலே ஒட்டினேன். பெரிய சங்கு நடுவில், சின்னது இரண்டு ஓரத்தில். பிறகு உள்ளே எழுத உட்கார்ந்தேன். அட்டை செய்தது சுலபம், இதுதான் கஷ்டம். 'மன்னித்துவிடு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்லிப் பழக்கம். மனிதர்களிடம் சொன்னதில்லை. ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டுக் கடைசியில் இப்படி எழுதினேன்: 'அக்காவுக்கு. இதை நானே எழுதினேன். தம்பி.'

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பைக்கில் நாசரேத்துக்குக் கிளம்பினோம். ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டும்போது வெயில் கண்ணைக் குத்தியது. மெர்சி அட்டை இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ள ஏதோ சுரண்டுது" என்றாள். "ரோடு சரியில்ல" என்றேன்.

அக்கா வாசலில் நின்று மெர்சியைக் கட்டிக்கொண்டாள். நான் பெட்டியை நீட்டினேன். வாங்கினாள். திறந்தாள். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் அடிவரியைத் தேடினாள். இல்லை. உள்ளே இருந்ததைப் படித்தாள். கொண்டுபோய் நடுவீட்டு மேசையில், கேக்குக்கும் வேதப்புத்தகத்துக்கும் நடுவே நிற்க வைத்தாள். அத்தான் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். முப்பது பேர் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன். மற்றக் கண் அட்டையில் இருந்தது. அக்கா ஜெபத்துக்கு நடுவே அட்டையைப் பார்க்கிறாளா என்று தெரிய வேண்டும் இல்லையா.

அப்போது நடுச்சங்கிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று.

காலிச் சங்கு கண்டால் உள்ளே போய்க் குடியேறிவிடுகிற ஒரு பொடி நண்டு உண்டு. தருவைகுளத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் அது தெரியும். மிக்கேல் சொல்ல வந்ததும் அதைத்தான். ஈரச் சங்கில் பசை பிடிக்காது என்பதை மட்டும் யாரும் சொல்லாமலே அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். சங்கு பொத்தென்று மேசைவிரிப்பில் விழுந்தது. ஒரு நொடி யோசித்தது. பிறகு என் அட்டைக் கடலிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு நீலக் காகிதத்தை முதுகில் சுமந்துகொண்டு நடக்கத் தொடங்கியது.

போதகர் தம்பதியரின் ஒற்றுமைக்காக நன்றி செலுத்திக்கொண்டிருந்தார். நண்டு அவருடைய மூக்குக்கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு கேக்கை நோக்கித் திரும்பியது. ஜெபத்தைக் குலைக்காமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று மெதுவாகக் கையை நீட்டினேன். நிமிர்ந்தால் எதிரே அக்காவின் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. அவை என் கையைப் பார்த்தன, கேக்கைப் பார்த்தன. ஐம்பத்திரண்டு வயதில் ஜெபத்துக்கு நடுவே கேக் திருடுகிறான் என்றே அவள் முடிவு செய்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பார்வை நண்டின் மேல் விழுந்தது.

"ஏலே," என்றாள் அக்கா, "பிடில அத."

ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. அந்தச் சந்தோஷத்தில் பாய்ந்தேன். கை கேக்குக்குள் மணிக்கட்டு வரைக்கும் போனது. நண்டு கிடைத்தது, அதாவது நண்டுக்கு என் விரல் கிடைத்தது. நான் போட்ட சத்தத்தில் போதகர் ஜெபத்தை அதே வாக்கியத்தில் ஆமென் சொல்லி முடித்துவிட்டார். முப்பது பேர் கண்ணைத் திறந்தபோது, நான் கேக்குக்குள் கையை விட்டபடி ஆடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்கா பேசினாள். ஏழு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினாள். "கூறுகெட்ட மூதி, உசுரோட இருக்குன்னு பாக்க மாட்டியால? வாயில்லாப் பூச்சியப் பசை போட்டு ஒட்டியிருக்க. ஒன்னய ஒருத்தன் சுவத்துல ஒட்டுனா எப்படி இருக்கும்?" அத்தான் "ஏளா, விடு, எல்லாரும் பாக்காவ" என்றார். "பாக்கட்டும்" என்றாள். வாயெல்லாம் திட்டு, கண்ணெல்லாம் தண்ணீர். சிரிப்பால் வந்த தண்ணீர்தான் என்று அத்தான் இன்றும் சாதிக்கிறார். நான் ஈ என்று இளித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு இனிமையான திட்டை நான் வாங்கியதே இல்லை.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கல் உப்பைக் கரைத்து, நக்கிப் பார்த்து, நண்டை அதில் விட்டு என் கையில் கொடுத்தாள்.

"எடுத்த எடத்துலயே கொண்டு விடு. விட்டுட்டு எனக்குப் போன் பண்ணு."

"மெர்சியப் பண்ணச் சொல்லவா?"

"ஒன்னயத்தாம்ல சொல்லுதேன்."

பொழுது சாயும் நேரம் தருவைகுளத்தில் அதை மணலில் விட்டேன். பின்னால் மிக்கேல் நின்றான். சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் பண்ணினேன். லைன் கட்டாகவில்லை. அரைமணி நேரம் பேசினோம், பத்து நிமிடம் நண்டைப் பற்றி.

போனில் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிகிற காலத்தில், நல்ல நிலையில் உள்ள மனிதர்கள் காகிதத்தை வெட்டி விரலில் பசை பூசிக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்கு, மனநிம்மதி என்றெல்லாம் பதில் சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு யாரிடமோ சொல்ல வேண்டிய ஒன்று வாயில் வரவில்லை. வளைந்துபோன அந்த இதயத்தைப் பார்க்கிறவருக்கு, இவன் எனக்காக இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டிருக்கிறான் என்று தெரியும். நேர்த்தியாக வந்துவிட்டால் அது தெரியாமல் போய்விடும். அந்தக் கவலை எனக்குக் கிடையாது.

நானும் விடவில்லை. இப்போது வருடத்துக்கு இருபது அட்டையாவது செய்கிறேன். சொந்தபந்தங்களில் ஒருவர்கூட என் கவரை நேராகப் பிரிப்பதில்லை. முதலில் காதில் வைத்துக் குலுக்குவார்கள். அக்கா மகன் ஒருபடி மேலே போய், கவரை வாசலில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து, காகிதச் சுருள்களாலேயே அக்காவுக்கு ஒரு தேவாலயம் கட்டினேன். கோபுரம் நேராக நின்றது. மெர்சியே தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களா செஞ்சீங்க?" என்றாள். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, கிடைத்ததும் போன் பண்ணினேன்.

"அக்கா, அட்டை எப்படி?"

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் அடிவரியைத் தேடும் சரசரப்பு கேட்டது.

"பழைய நண்டு அட்டையே தேவலாம்."