துக்கப் பாயும் தொண்டைச் சுரப்பியும்

மவுஃபாங்கா, டோங்கா
நவம்பர், சனிக்கிழமை

மதிப்பிற்குரிய லொசாலினே அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி பத்தெலிசியோவின் மனைவி கலோலைனே பணிவுடன் எழுதுவது. ஆக்லாந்துக் குளிரில் உங்கள் முழங்கால் அடங்கி நடக்கிறது என்றும், உங்கள் மருமகன் இன்னும் அதே வேலையில் இருக்கிறார் என்றும் நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம். நான் நலமாக இருப்பதில்தான் சிக்கல். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்து, குடும்பத்தார் முன்னிலையில் நான் இடுப்பைச் சுற்றிக் கட்டிய துக்கப் பாயை அவிழ்ப்பதாக ஏற்பாடு. இறந்தவரின் அக்கா என்ற முறையில் அது உங்கள் உரிமை. அந்த ஏற்பாட்டை ரத்து செய்யும்படி வேண்டுகிறேன். காரணத்தை நீங்கள் என்னிடமிருந்தே கேட்க வேண்டும், ஏனென்றால் பக்கத்து வீட்டு மெலேனைதேவுக்கு உங்கள் தொலைபேசி எண் தெரியும்.

அடக்கம் முடிந்து மற்றவர்கள் எல்லாரும் பாயை அவிழ்த்து மடித்து வைத்த பிறகும் நான் அவிழ்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், மார்பு வரை ஏறும் அந்தப் பழைய கிழிந்த பாயை நாய்கூட நிழல் தேடுகிற வெயிலிலும் கட்டிக்கொண்டு திருப்பலிக்குப் போனேன், எனக்குக் குளிராக இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, பிறகு முகம் வீங்கியது, அழுது அழுது வீங்கிவிட்டது என்றார்கள், நான் ஒரு சொட்டும் அழவில்லை, கன்னியர் மடத்தில் எங்களைப் பொது இடத்தில் அழ விட்டதில்லை, நல்ல வளர்ப்பில் வந்த துக்கம் உள்நோக்கித்தான் போகும் என்று நானும் நினைத்துக்கொண்டேன், புருவங்களின் ஓரம் உதிர்ந்தது, நடை தளர்ந்தது, குரல் இறங்கி இறங்கி, பாடகர் குழுத் தலைவர் அலோயிசியோ ஒரு நாள் என்னை எழுப்பி ஆண்கள் பக்கத்தில், உங்கள் தம்பியின் இடத்திலேயே உட்கார வைத்து, அவர் பாடிய அடிக்குரலைப் பாடச் சொன்னார். அந்த ஞாயிறு ஃபாதர் பெலெனாத்தோ பிரசங்கத்தில் என்னைக் காட்டி, விதவை என்றால் இவரைப் போல என்றார். மெலேனைதே அங்கேயே தன் கணவனை இடித்தாள்.

"கேட்டுக்கோ. நீ போனா எனக்கு இந்த அளவுக்கெல்லாம் வராது. இப்பவே சொல்லிட்டேன்."

"நான் போறதா இல்ல," என்றார் அவர்.

ஜெபமாலையை முன்னின்று சொல்லும்போதே நான் பாதியில் தூங்கிப்போனதால் மகள் அனசெய்னி என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். டாக்டர் லூப்பேயை உங்களுக்கு நினைவிருக்கும். நம் மாங்காய்களைத் திருடியவள். இப்போது பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. என் முழங்காலை ஒரு சுத்தியால் தட்டினாள். கால் யோசித்து, பிறகு எழுந்தது. ரத்தம் எடுத்தாள். முடிவு வந்ததும் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அம்மா, தொண்டையில பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, தைராய்டு. அது ஹார்மோன்னு ஒண்ண ரத்தத்துல அனுப்பும். அது போய்ச் சேர்ந்தாத்தான் உடம்புல ஒவ்வொரு வீடும் அடுப்பு மூட்டும். உங்களுக்கு அது கிட்டத்தட்ட நின்னே போச்சு."

"துக்கத்தாலா?"

"அப்படிச் சொல்ல முடியாது. உங்க உடம்பே அந்தச் சுரப்பிய எதிரின்னு நெனச்சு அடிச்சிருக்கு."

"அப்போ இந்தக் குளிர்?"

"தைராய்டு."

"முகம்?"

"தைராய்டு."

"புருவம், குரல்?"

"அதுவும்தான்."

"இந்தப் பாய்?"

"அது உங்களோடதும்மா."

அதோடு விடவில்லை. "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இன்னொரு சுரப்பி இருக்கு. ரத்தத்துல ஹார்மோன் கொறஞ்சா, 'எந்திரி'ன்னு தைராய்டுக்கு ஆள் அனுப்புறது அதுதான். அந்த ஆளும் ஒரு ஹார்மோன்தான். பதில் வரலைன்னா இன்னும் நெறைய ஆள் அனுப்பும். உங்க ரத்தம் முழுக்க அந்த ஆளுங்கதான். பதில்தான் இல்ல."

"அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று அதற்கு யாராவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேக்காதும்மா. கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும்."

பட்டாணி அளவுள்ள ஒன்றுக்கு இது அழகல்ல என்று நினைத்தேன். ஒருவரை இரண்டு முறை அழைக்கலாம். அதற்கு மேல் மரியாதை இல்லை. மாலையில் தேநீர் ஆறுகிறது என்று உங்கள் தம்பியின் கிழங்குத் தோட்டத்தைப் பார்த்து நானும் இன்னும் குரல் கொடுப்பதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை.

சுரப்பி செய்யாததை ஒரு மாத்திரை செய்யும் என்றாள். அரிசியை விடச் சற்றுப் பெரியது. விடிந்ததும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுத் தேநீருக்குக் காத்திருக்க வேண்டும். விழுங்கினேன். வாரங்கள் போகப் போக விரல்கள் சூடாயின, முகம் வடிந்து கன்ன எலும்பு வெளியே வந்தது, படிகளில் ஏறினேன், அனசெய்னியின் கணவன் சொன்ன அசட்டு வேடிக்கைக்குச் சிரித்தேன், ஞாயிறு விருந்தில் தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலை இறைச்சிப் பொதியை மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் பாய் எனக்குப் புழுங்குகிறது என்று தெரிந்தது.

ஆகவே, அக்கா, ஊர் புகழ்ந்தது துக்கத்தை அல்ல, ஒரு பற்றாக்குறையை. நான் பொய்யாகப் பெருமை பெறுகிறவள் அல்ல. பிரசங்கத்தைத் திரும்பப் பெறும்படி ஃபாதரிடம் கேட்டேன். "அதெப்படிம்மா முடியும், எல்லாரும் கேட்டுட்டாங்களே," என்றார். பாயை நானே அவிழ்த்து, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் வைத்துவிட்டேன். நீங்கள் கடல் தாண்டி வந்து அவிழ்ப்பதற்கு இங்கே எதுவும் இல்லை. உங்கள் தம்பி இதைவிட நல்ல மனைவிக்குத் தகுதியானவர். ஒரு மாத்திரைக்குக் கரைகிறது என்றால் அது துக்கமே அல்ல. இத்தனை வருட வாழ்வுக்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான் போலும்.

கன்னி மரியாள் உங்கள் முழங்காலையும் உங்கள் மருமகனின் வேலையையும் காப்பாராக. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடிதங்களில் முற்றுப்புள்ளி வைக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
கலோலைனே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பாட்டுப் பயிற்சிக்கு மணி அடித்தது. நான் வாய் திறந்ததும் அலோயிசியோ நிறுத்தினார். "குரல் மேல வந்துடுச்சுக்கா. பொம்பளைங்க பக்கம் உங்க பழைய எடத்துக்குப் போங்க." போனேன். அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் பெண்கள் முடித்துவிட்டுக் காத்திருப்போம். கீழிருந்து அடிக்குரல் மட்டும் தனியே எழும். அது உங்கள் தம்பியுடையது. இத்தனை நாளும் அதை நானே பாடிக்கொண்டிருந்ததால் அது இல்லை என்று எனக்குத் தெரியவே இல்லை. முடித்தோம். காத்திருந்தோம். எதுவும் வரவில்லை.

அழுதேன், அக்கா. சத்தமாக, கைக்குட்டை இல்லாமல், எல்லார் முன்னாலும். "இப்பப் போயா?" என்றாள் மெலேனைதே. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று இரண்டாம் வரிசையிலிருந்து ஓடி வந்த லூப்பேயிடம் கேட்டேன். "ரெண்டும் வேண்டாம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அளவு சரியாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பாயை எடுத்துக் கட்டிக்கொண்டேன். வியர்த்துக் கொட்டுகிறது, இந்தத் தாள் நனைந்திருப்பது அதனாலும்தான். கழற்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். நீங்கள் அவிழ்க்கும் வரை இருக்கட்டும்.