தையல்காரர் சொன்ன வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. நான் நலம். குழந்தை என்னைவிட நலம். ஏழு மாதம் முடிந்து, தவழ்ந்து வந்து, வெட்டு மேஜைக்கு அடியில் கிடக்கும் துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்க்கிறாள். மூன்றாவதாக, உங்கள் மகளும் நலம் என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரியில் வந்து நின்று நேற்றிலிருந்து மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை போட்டேன். எடுத்ததும் நீங்கள், "சாப்பிட்டாச்சா மாப்பிள்ளை?" என்கிறீர்கள், நான், "ஆச்சு அத்தை" என்கிறேன், அதற்கு மேல் நாக்கு எழும்ப மாட்டேன் என்கிறது, போனைக் குழந்தையின் காதில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள்.

உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். ஆபரேஷனில் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டரம்மா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "அடுத்த குழந்தைக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேணும். வயித்துல போட்ட தையல் மேலே சீக்கிரம் ஆறிடும், உள்ளே ஆற நாளாகும். ஆறாவது வாரம் வாங்க, தடுப்புக்கு ஒரு வழி பண்ணிக்கலாம்" என்றார். நீங்கள் கையில் பையோடு நின்று, "காதுல விழுந்துதா மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். விழுந்தது அத்தை. தையலைப் பற்றி எனக்கே ஒருவர் பாடம் எடுக்கிறாரே என்று கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. ஆறாவது வாரமும் வந்தது, கூடவே ஒரே கல்யாண வீட்டிலிருந்து பதினொரு கோட்டும் தைக்க வந்தது. உங்கள் மகள், "என்னிக்குப் போகலாம்?" என்று கேட்டாள். நான் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "வியாழக்கிழமை" என்றேன். பத்து வருஷமாக யார் வந்து நின்றாலும் என் வாயில் வருவது அதுதான். எந்த வியாழக்கிழமை என்று நானும் சொல்வதில்லை, வாடிக்கைக்காரர்களும் விவரம் தெரிந்தவர்கள், விசேஷத் தேதியை ஒரு மாதம் முன்னதாகப் பொய் சொல்லித் துணியைக் கொடுக்கிறார்கள். பெண்டாட்டி வாடிக்கைக்காரி இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அப்படியே ஐந்து வியாழக்கிழமை போய்விட்டது, பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. இதற்கு நடுவில் பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் வேறு, "தாய்ப்பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்க, எங்க வீட்டு அனுபவம்" என்று தைரியம் சொன்னார். அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் வந்து நின்றாள். "கொஞ்சம் இங்க வாங்க" என்றாள். "அளவு எடுத்துட்டு வர்றேன்" என்றேன். "நாள் தள்ளிப் போயிருக்கு. பார்த்துட்டேன். ரெண்டு கோடு" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டாள். எனக்குக் கண் இருட்டியது. எதையாவது பிடிக்க வேண்டுமே என்று கையிலிருந்த நாடாவைப் பிடித்திருக்கிறேன், அது அவர் மார்பைச் சுற்றி இருந்தது. "தம்பி, மூச்சு முட்டுது" என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டேன். அன்றைக்கு அவர் கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். பழைய சீட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் கூனிக்கொண்டிருக்கிறேன். "நல்லபடியா முடியறதும் உண்டு. ஆனா பழைய தையல் உள்ளே விட்டுப் போற ஆபத்தும் இருக்கு. கரு எங்க உட்கார்ந்திருக்குன்னு ஸ்கேன்ல பார்க்கணும். கடைசியில வலி வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணணும். வேண்டாம்னு நினைச்சா சீக்கிரம் சொல்லிடுங்க" என்றவர், உங்கள் மகளிடம் திரும்பி, "முடிவு உன்னோடதும்மா" என்றார். அவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். ஒன்பது நாளாகிறது. சொல்லவில்லை.

அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை அத்தை. பாத்திரம் கழுவுகிறாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், என்னோடு பேச வேண்டியதை மட்டும் பேசுகிறாள். வாளியைத் தூக்கினால் நான் ஓடிப்போய்ப் பிடுங்குகிறேன், பாதித் தண்ணீர் தரையில், மீதி அவள் புடவையில். கீழே உட்கார்ந்து எழுந்திருக்கும்போது அடிவயிற்றில் கை வைத்துக்கொள்கிறாள். அந்த இடம் எனக்குத் தெரியும். பிரித்துத் தைத்த துணியில் பழைய ஊசித்துளை அப்படியே இருக்கும், இழுத்தால் அங்கேதான் விடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்.

நீங்கள் உடனே கிளம்பி வர வேண்டும். உங்களிடமாவது அவள் மனதில் இருப்பதைச் சொல்வாள். எது சொன்னாலும் எனக்குச் சம்மதம், அவள் நன்றாக இருந்தால் போதும். அவளை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், தப்பு முழுக்க என்னுடையது. என்னை வேண்டிய மட்டும் திட்டுங்கள். கடையில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். அவர் கோபம் தணிந்த பிறகு என் வணக்கத்தையும் குழந்தையின் முத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், தனியாக என் வணக்கத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் ஆசியை எப்போதையும்விட இப்போது வேண்டும்,
மாப்பிள்ளை

பி.கு.: அம்மா, இது நான். கவரை ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படிக்காமல் ஒட்டுவேனா? இவர் எழுதியதை அப்படியே நம்பாதே. ஐந்து வியாழக்கிழமையில் இரண்டுதான் இவர் கணக்கு. மற்ற மூன்று நாளும் கடையைச் சாத்திவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, வாசலில் நின்றார். நான்தான் குழந்தை தூங்குகிறாள், தலை வலிக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். அந்த ஆஸ்பத்திரி வாசலை நினைத்தாலே எனக்குக் கால் நகரவில்லை. அதில் ஒரு வரிகூட இவர் உனக்கு எழுதவில்லை பார். திங்கட்கிழமை நூல் வாங்க இவர் போனபோது நான் போய் ஸ்கேன் எடுத்துவிட்டேன். கரு பழைய தையலை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறதாம். பெற்றுக்கொள்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். இவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், நான் அழுதால் இவர் தாங்க மாட்டார். இன்று கடை சாத்தியதும் சொல்லிவிடுகிறேன். அழாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறார். குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுவது வெளியே எப்படிக் கேட்கும்? அதனால் நீ பதற வேண்டாம், அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வரவும் வேண்டாம். நான் சமாளித்துக்கொள்வேன்.

இல்லம்மா. வந்துடு.